பனி தள்ளும் வரிசை

டொராண்டோ மாநகராட்சிக்கு மூன்றே இலக்கத்தில் ஒரு தொலைபேசி எண் உண்டு: 311. குப்பை எடுக்கவில்லையா, நாய் உரிமம் புதுப்பிக்க வேண்டுமா, எல்லாவற்றுக்கும் அதே எண்தான். 2009-ல் தொடங்கினார்கள். இரவு பகல் எந்நேரமும் ஆள் எடுக்கிறார்கள். ஆங்கிலம் வராதவர் தன் மொழியின் பெயரை மட்டும் சொன்னால் போதும், மொழிபெயர்ப்பாளர் ஒருவரை இணைப்பில் சேர்த்துவிடுவார்கள். 180-க்கும் மேற்பட்ட மொழிகளில் இந்த வசதி இருக்கிறது. நான் தங்கியிருந்த ஸ்கார்பரோ வீட்டில் ஃபிரிட்ஜ் கதவில் மூன்று எண்கள் ஒட்டியிருந்தன. ஒன்று மூத்த மகனுடைய கைப்பேசி, அடுத்தது கோவில் அலுவலகம், மூன்றாவது 311.

வீட்டுக்காரர் எண்பதுகளில் சென்னையில் என்னோடு படித்துவிட்டுக் கனடா போன யாழ்ப்பாணத்து நண்பர். அவருடைய அம்மாவுக்கு எண்பதை நெருங்கும் வயது. நான் போய் இறங்கிய மறுநாளே என் காலணிகளைக் குனிந்து பார்த்தார். "தம்பி, உந்தச் சப்பாத்தோட வெளியில வெளிக்கிடாதேங்கோ. சறுக்கி விழுந்து இடுப்பு முறிஞ்சுதெண்டா ஆர் பாக்கிறது?" என்று மகனின் பழைய பூட்ஸை எடுத்துப் போட்டார். எனக்கு அது இரண்டு அளவு பெரிது. ஸ்கார்பரோ முழுவதையும் அந்த பூட்ஸில்தான் சுற்றினேன்.

ஜனவரி நடுவில் ஓரிரவு பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் பனி கொட்டியது. அந்த ஊர்க் கணக்கில் இது சாதாரணம், செய்தியில் கடைசி வரி. டொராண்டோவில் பனி தள்ளுவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. பனி தரையில் ஒட்டத் தொடங்கியதும் உப்பு லாரிகள் கிளம்பும். 2.5 செ.மீ. சேர்ந்தால் விரைவுச்சாலைகளில் பனி தள்ளும் வண்டிகள் இறங்கும். பெரிய சாலைகளுக்கு 5 செ.மீ. வேண்டும். குடியிருப்புத் தெருக்களுக்கு 8 செ.மீ. ஏழு சென்டிமீட்டர் பெய்தால் உங்கள் தெருவுக்கு உப்போடு சரி. வெப்பம் மைனஸ் இருபதை நெருங்கினால் உப்பும் வேலைக்காகாது. அப்போது பீட்ரூட் சாறு கலந்த உப்புநீரைத் தெளிக்கிறார்கள். (பழுப்பாக, லேசான இனிப்பு வாடையோடு இருக்கும் என்று நண்பர் சொன்னார். நான் இருந்தபோது குளிர் அந்த அளவுக்கு இறங்கவில்லை, வருத்தமில்லை.)

நண்பர் விடியுமுன் எழுந்து, கார் நிற்கும் பாதையை ஷவலால் சுத்தமாகத் தள்ளிவிட்டு உள்ளே வந்து தேநீர் குடித்தார். கோப்பை காலியாகுமுன் தெருவில் பனி தள்ளும் வண்டி வந்தது. ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம் சுழன்று சுழன்று போயிற்று. தெருவை அது அழகாகச் சுரண்டிக்கொண்டு போனதென்னவோ உண்மை. ஆனால் சுரண்டிய பனியை எங்கேயாவது விட வேண்டுமே. தெருவின் இரண்டு ஓரத்திலும், ஒவ்வொரு வீட்டு வாசலையும் மறித்து, வயல் வரப்பு போல முழங்கால் உயரத்துக்கு நீளமாக விட்டுவிட்டுப் போயிருந்தது. இரவில் விழுந்த பனி பஞ்சு மாதிரி இருக்கும், குழந்தைகூடத் தள்ளிவிடும். இது அப்படியல்ல. உப்பும் சேறும் கலந்து அழுத்தப்பட்ட பனி. அரை மணி நேரம் விட்டால் பாறை. இதய நோயாளிகள் கனடாவில் பயப்படுவது இதற்குத்தான்.

ஸ்கார்பரோ போன்ற புறநகர்ப் பகுதிகளில் இந்த வரப்பை அகற்ற மாநகராட்சியே இன்னொரு வண்டி அனுப்புகிறது. அது எப்போது வரும் என்பதுதான் தெரியாது. நண்பர் வேலைக்குப் போக வரப்பில் கார் அளவுக்கு மட்டும் வெட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஒன்பது மணிக்கு அம்மா ஃபிரிட்ஜ் பக்கம் போய் நின்று 311-ஐ அழுத்தினார். "டமில்" என்றார். சிறிது நேரம் இசை ஓடியது. பிறகு ஸ்பீக்கரில் ஓர் இளம் பெண் குரல், தமிழில் வணக்கம் சொன்னது.

"பிள்ளை, றோட்டு மெசின் வந்திட்டுப் போட்டுது. வாசலடியில கும்பியா விட்டிட்டுப் போயிருக்கு. மற்ற மெசின் எத்தினை மணிக்கு வரும் எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ."

அந்தப் பெண் ஆங்கிலத்தில் கேட்டார். அதிகாரி ஏதோ சொன்னார்.

"றோட்டெல்லாம் தள்ளி முடிஞ்ச பிறகுதான் அது வருமாம் அம்மா. கொஞ்ச மணித்தியாலம் செல்லுமாம்."

"கொஞ்ச மணித்தியாலம் எண்டா?"

மறுபடியும் ஆங்கிலம். "நேரம் சொல்லேலாதாம் அம்மா."

அம்மா அதை ஏற்றுக்கொண்டார். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று அதிகாரி கேட்க, அந்தப் பெண் அதையும் தமிழில் கேட்டார். "ஓம் பிள்ளை, நீங்கள் ஊரில எவ்விடம்?" என்றார் அம்மா. இரண்டு விநாடி அமைதி. "அம்மா, நான் அதெல்லாம் கதைக்கக் கூடாது" என்றது குரல். பின்னால் சிரிப்பை அடக்கியது தெரிந்தது. போனை வைத்ததும் அம்மா என்னிடம் திரும்பி, "கதையைக் கேட்டா வடமராட்சி மாதிரிக் கிடக்கு" என்றார்.

வண்டி பதினொரு மணிக்கு வந்தது. ஜன்னலில் நின்று பார்த்தேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று, ஒரு தகட்டை இறக்கி, வரப்பை ஓரமாக இழுத்துவிட்டு, அடுத்த வாசலுக்கு நகர்ந்தது. வாசலுக்கு அரை நிமிடம் ஆகியிருக்கும். இந்த அரை நிமிடத்துக்குப் பின்னால் ஐம்பது வருட நகர அரசியல் இருக்கிறது.

இன்றைய டொராண்டோ 1998-ல் ஆறு நகராட்சிகளைச் சேர்த்து உண்டாக்கியது. பழைய டொராண்டோ நடுவில். ஸ்கார்பரோ, நார்த் யார்க், எட்டோபிகோ முதலியவை சுற்றி. புதிய மாநகரின் முதல் மேயர் மெல் லாஸ்ட்மன் அதற்கு முன்பு கால் நூற்றாண்டு நார்த் யார்க்கின் மேயராக இருந்தவர். ஃபர்னிச்சர் வியாபாரியாக இருந்து அரசியலுக்கு வந்தவருக்கு, வாக்காளர் எதைப் பார்க்கிறார் என்பது தெரிந்திருந்தது. வாசல் வரப்பை அகற்றித் தருவது அவருடைய நார்த் யார்க்கின் பெருமைகளில் ஒன்று. ஆறு நகராட்சிகளும் சேர்ந்தபோது புறநகர்க்காரர்கள் அந்தச் சலுகையை விட்டுக்கொடுக்கவில்லை. நகர மையத்தில் தெருக்கள் குறுகல், இரண்டு பக்கமும் கார்கள் நிற்கும், வண்டி நுழைய இடமில்லை என்று அங்கே கொடுக்கவில்லை. மையத்தில் நடைபாதைகூட வீட்டுக்காரர் பொறுப்பாகத்தான் நெடுநாள் இருந்தது. பனி நின்ற பன்னிரண்டு மணி நேரத்துக்குள் உங்கள் வீட்டுக்கு முன்னுள்ள நடைபாதையைத் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். ஸ்கார்பரோவிலோ நடைபாதையை இயந்திரம் தள்ளியது. ஒரே மேயர், ஒரே வரி, இரண்டு குளிர்காலம். 2021-ல்தான் நகரம் முழுவதும் நடைபாதைகளை மாநகராட்சியே தள்ளும் என்று முடிவாயிற்று. பட்ஜெட் இறுகும்போதெல்லாம் வரப்புச் சலுகையை வெட்டலாம் என்று யாராவது சொல்வதும், புறநகர் உறுப்பினர்கள் கொதிப்பதும் வழக்கம்.

லாஸ்ட்மன் பெயரைச் சொன்னால் டொராண்டோவுக்கு வெளியே உள்ளவர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். 1999 ஜனவரியில் இரண்டே வாரத்தில் ஒரு மீட்டருக்கு மேல் பனி கொட்டியபோது அவர் ராணுவத்தைக் கூப்பிட்டார். சிப்பாய்கள் ஷவல் பிடித்த படங்கள் நாடு முழுவதும் ஓடின. பனியில் பிறந்து வளர்ந்த மற்ற மாகாணத்துக்காரர்கள் இன்றுவரை சிரிக்கிறார்கள். எனக்கென்னவோ அவர் செய்தது சரியாகவே படுகிறது. ஆம்புலன்ஸ் போக முடியாத தெருவில் மானம் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

உண்மையான சோதனை கார் போகும் பாதையில் இல்லை, பேருந்து நிறுத்தத்தில் இருக்கிறது. ஸ்கார்பரோவுக்கு 1985 முதல் தரைக்கு மேலே ஓடிய ஒரு சிறு ரயில் இருந்தது. பனி அதிகமானால் நின்றுவிடும் என்று பேர் வாங்கிய ரயில். 2023 ஜூலையில் ஒரு பெட்டி தடம் புரண்டு சிலர் காயம்பட்டதும் அதை ஒரேயடியாக மூடிவிட்டார்கள். சுரங்க ரயில் நீட்டி முடியும்வரை பேருந்துதான் கதி. விடியுமுன் அந்தப் பேருந்துகளில் போகிறவர்கள் யார் என்று பார்த்தால் ஸ்கார்பரோ புரிந்துவிடும். முதியோர் இல்லத்துக்குப் போகும் பிலிப்பினோ பெண்கள், அலுவலகம் துடைக்கப் போகும் தமிழ்ப் பெண்கள், கிடங்குகளுக்குப் போகும் பஞ்சாபி மாணவர்கள். பெரிய சாலையைத் தள்ளும் வண்டி பனியை ஓரத்தில்தானே ஒதுக்கும்? ஓரத்தில்தான் நிறுத்தம் இருக்கிறது. நிறுத்தத்தைச் சுத்தம் செய்வது வேறொரு வண்டியின் வேலை, வேறொரு வரிசை. ஒரு வண்டிக்கும் மறு வண்டிக்கும் இடைப்பட்ட நேரத்தில் பயணிகள் பனிக்குவியல் மேல் ஏறி நின்றுதான் பேருந்தைப் பிடிக்க வேண்டும். 2025 பிப்ரவரியில் அடுத்தடுத்து வந்த புயல்களில் 50 செ.மீ.க்கு மேல் பனி சேர்ந்து, அதை அள்ளி முடிக்கப் பல வாரங்கள் ஆனபோது, சக்கர நாற்காலிக்காரர்கள் வீட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தார்கள். நடைபாதைகளைப் பற்றித்தான் நகர மன்றத்தில் பெரிய சத்தம் எழுந்தது.

ஸ்வீடனில் கார்ல்ஸ்கூகா என்ற சிறு நகரம் இந்த வரிசையையே தலைகீழாக்கிப் பார்த்தது. பெண்கள் அதிகம் நடக்கிறார்கள், பேருந்தில் போகிறார்கள்; ஆண்கள் அதிகம் கார் ஓட்டுகிறார்கள். நாலு விரற்கடை பனியில் கார் ஓடிவிடும், குழந்தை வண்டி ஓடாது. வழுக்கி விழுந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் நடக்கிறவர்களே அதிகம். அதனால் நடைபாதை, சைக்கிள் பாதை, குழந்தைகள் காப்பகத்துக்குப் போகும் வழி முதலில், பெரிய சாலை பிறகு என்று மாற்றினார்கள். ஸ்டாக்ஹோமும் அதைப் பின்பற்றியது. 2016 நவம்பரில் அங்கே அந்த மாதத்துக்கு வரலாறு காணாத பனி கொட்டி ஊர் ஸ்தம்பித்தபோது, பழி அந்த வரிசை மேல் விழுந்தது. பழி போட்டவர்களில் பெரும்பாலோர் காரில் சிக்கிக்கொண்டவர்கள் என்று நினைக்கிறேன். வழக்கமாகச் சிக்கிக்கொள்கிறவர்களுக்குப் பத்திரிகையாளர்களைத் தெரியாது.

ஸ்கார்பரோவின் நகர மண்டபம் கட்டடக் கலைஞர் ரேமண்ட் மொரியாமா வடிவமைத்தது. 1973-ல் எலிசபெத் ராணி வந்து திறந்துவைத்த வெள்ளைக் கட்டடம். உள்ளே நடுவில் கூரைவரை திறந்த வெளி. சுற்றிலும் படிப்படியாக ஏறும் மாடிகள். வெளியே ஆல்பர்ட் கேம்பல் சதுக்கத்தில் பனிச்சறுக்குத் தளம். டொராண்டோவில் இப்படிச் செயற்கையாகக் குளிரூட்டிய திறந்தவெளித் தளங்கள் ஐம்பதுக்கு மேல் இருக்கின்றன, நுழைவுக் கட்டணம் கிடையாது. டொராண்டோவின் குளிர் பூஜ்யத்தின் மேலும் கீழுமாக ஊசலாடுவது. வெறுமனே தண்ணீர் ஊற்றிவிட்டால் உறைந்து நிற்காது. அதனால் தளத்துக்கு அடியில் குழாய் பதித்துக் குளிர்ந்த உப்புநீரை ஓடவிடுகிறார்கள். சாலையில் பனியை உருக்குவதும் உப்பு, இருநூறடி தள்ளிப் பனியை உருகாமல் காப்பதும் உப்பு.

அந்தச் சாலை உப்பு எங்கிருந்து வருகிறது என்று விசாரித்தால் சுவாரசியமான இடத்தில் போய் நிற்கும். ஒன்டாரியோவின் தென்மேற்கில் காடரிச் என்ற சிற்றூரில், ஹியூரன் ஏரியின் அடியில், அரை கிலோமீட்டருக்கும் கீழே, உலகின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் இருக்கிறது. எப்போதோ வற்றிப்போன கடலின் உப்பை இவர்கள் தோண்டி எடுத்துத் தெருவில் தூவ, வசந்தத்தில் அது ஓடைகள் வழியாக இன்னொரு ஏரிக்குப் போய்ச் சேர்கிறது. ஓடைகளில் மீன்கள் படும் பாட்டை ஆராய்கிறவர்கள் உப்பைக் குறையுங்கள் என்கிறார்கள். விழுந்து கால் உடைந்தவர்கள் வழக்குப் போடுகிறார்கள். மாநகராட்சி இரண்டு பேருக்கும் நடுவில் உப்பைத் தூவிக்கொண்டிருக்கிறது.

சறுக்குத் தளத்தின் ஓரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். புடவைக்கு மேல் முழங்கால்வரை தொங்கும் கோட்டு, அதற்கு மேல் மகனுடைய ஹாக்கித் தொப்பி என்று ஒரு பாட்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பேரன் தலைக்கவசத்தோடு, ஒரு பிளாஸ்டிக் சட்டத்தை முன்னே தள்ளிக்கொண்டு தத்தித் தத்திப் போனான். எங்களைக் கடக்கும்போதெல்லாம் "அம்மம்மா, பாருங்கோ!" என்று கத்திவிட்டு விழுந்தான். ஒவ்வொரு முறையும் பாட்டி எழுந்து ஓடப் போய், தளத்தின் விளிம்பில் கால் வைக்கப் பயந்து நின்றார். அவரைத் தாண்டி ஒரு சீனத்துச் சிறுமி வந்து பையனைத் தூக்கிவிட்டாள். பாட்டி அவளுக்குக் கோட்டுப் பையிலிருந்து ஒரு டொஃபி எடுத்துக் கொடுத்தார். பிறகு தளத்தை மெழுகும் வண்டி வந்தது. எல்லோரையும் வெளியேற்றிவிட்டு, மேலே சுரண்டி, பின்னாலேயே வெந்நீரை மெல்லிசாக விரித்துக்கொண்டு வட்டம் போட்டது. அதற்குத்தான் கூட்டம் அதிகம். பெரியவர்கள்கூடக் கைப்பேசியில் படம் எடுத்தார்கள்.

எல்லா விளையாட்டுக்கும் மாநகராட்சி இவ்வளவு தாராளமில்லை. 2024 ஜனவரியில் நாற்பத்தைந்து மேடுகளில் பலகை வைத்துச் சறுக்கி விளையாடக் கூடாது என்று அறிவிப்புப் பலகை நட்டார்கள். மரமிருக்கிறது, கல்லிருக்கிறது, அடிபடும் என்று காரணம். அனுமதி பெற்ற மேடுகள் இருபத்தொன்பது. தடை போட்ட மேடுகளில் பிள்ளைகள் பலகைக்குப் பக்கத்திலேயே சறுக்கினார்கள். குளிர்கால நீச்சல் வகுப்புக்கும் நடன வகுப்புக்கும் பெயர் கொடுப்பது தனி யுத்தம். குறித்த நாளில் காலை ஏழு மணிக்குக் கணினியில் பதிவு திறக்கும். கிராக்கி அதிகமுள்ள வகுப்புகள் சில நிமிடங்களில் நிரம்பிவிடும். அம்மா ஒரு மடிக்கணினியிலும் அப்பா கைப்பேசியிலுமாக உட்கார்ந்து ஏழு அடிக்கக் காத்திருக்கும் வீடுகளைப் பற்றி நிறையக் கேட்டேன். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மாநகராட்சி கட்டணச் சலுகை தருகிறது, சில சமூக மையங்களில் கட்டணமே இல்லை. ஆனால் இரவு வேலை முடிந்து ஏழு மணிக்குப் பேருந்தில் தூங்கிக்கொண்டு வரும் தாய்க்கு அந்தச் சலுகையால் இடம் கிடைக்காது. கட்டணம் அவருக்குப் பிரச்சினையே அல்ல.

நூலகத்துக்கு வரிசையும் இல்லை, பதிவும் இல்லை. டொராண்டோ பொது நூலகத்துக்கு நூறு கிளைகள். தாமதக் கட்டணத்தை 2022-ல் முற்றாக எடுத்துவிட்டார்கள். ஸ்கார்பரோ கிளைகளில் தமிழ் நூல்களுக்கென்று தனி அலமாரி இருக்கிறது. நான் போன கிளையில் அதன் பக்கத்தில் நான்கு நாற்காலி, நான்கிலும் தமிழ் முதியவர்கள். ஒருவர் மட்டும்தான் படித்துக்கொண்டிருந்தார். மற்ற மூவர் கோட்டைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு கிளிநொச்சியில் காணி விலை பற்றி அடக்கிய குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். மகனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு, பேஸ்மெண்ட் அறையில் பகல் முழுவதும் தனியாக இருப்பதற்கு இது எவ்வளவோ மேல். வாடகை வீட்டில் குளிர்காலத்தில் 21 டிகிரிக்குக் குறையாமல் சூடு இருக்க வேண்டும் என்று மாநகராட்சிச் சட்டமே இருக்கிறது. பேச்சுத் துணைக்குச் சட்டம் இல்லை. நூலகர் அவர்களை ஒரு முறையும் அதட்டவில்லை. நான் போன நேரம் தமிழ் மரபுத் திங்கள். ஒன்டாரியோ மாகாணம் 2014-லும் கனடா நாடாளுமன்றத்தின் மக்களவை 2016-லும் ஜனவரியை அப்படி ஏற்றுக்கொண்டன. அலமாரிக்கு மேலே காகிதத்தில் வெட்டிய பொங்கல் பானை ஒட்டியிருந்தது. வெளியே மைனஸ் பன்னிரண்டு.

வீடே இல்லாதவர்களுக்கு வெப்ப மையங்கள். முன்பெல்லாம் மைனஸ் 15 வந்தால்தான் திறப்பார்கள். மைனஸ் பத்திலும் ஆள் சாவான் என்று தெருப் பணியாளர்கள் வருடக் கணக்கில் கத்திய பிறகு, இப்போது மைனஸ் 5 என்று முன்னறிவிப்பு வந்தாலே திறக்கிறார்கள். இந்தப் பணியை மாநகராட்சிக்கு முன்பே கையில் எடுத்தவர்கள் உண்டு. 1987-ல் சூசன் மோரன் என்ற கன்னியாஸ்திரீயும் ஒரு பள்ளியின் மாணவர்களும், தாங்கள் அறிந்த வீடற்ற மனிதர் ஒருவர் இறந்துபோனதைக் கண்டு தொடங்கிய இயக்கம், தேவாலயங்களின் அடித்தளங்களிலும் யூத ஆலயங்களிலும் இரவு உணவும் படுக்கையும் கொடுத்தது. தன்னார்வலர்கள் தற்காலிகமாகத் தொடங்கியது பல பத்தாண்டுகள் நடந்தது என்றால், அரசாங்கம் எவ்வளவு மெதுவாக நகர்ந்தது என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஸ்கார்பரோ நகர மண்டபத்தில் இன்னொன்றும் பார்க்கக் கிடைத்தது. டொராண்டோவின் பட்ஜெட் குளிர்காலத்தில்தான் தயாராகும். ஜனவரியில் வரைவு வரும், நகர உறுப்பினர்கள் மண்டபம் மண்டபமாக உட்கார்ந்து பொதுமக்கள் சொல்வதைக் கேட்பார்கள், பிப்ரவரியில் முடிவாகும். சொத்து வரி 2024-ல் 9.5 சதவீதமும் 2025-ல் 6.9 சதவீதமும் ஏறியிருந்ததால் கோபத்துக்குக் குறைவில்லை. ஒலிவாங்கிக்கு முன் ஒவ்வொருவருக்கும் சில நிமிடங்கள், எதிரே கடிகாரம். வரி ஏறக் கூடாது என்றார் ஒருவர். நூலகம் ஞாயிற்றுக்கிழமையும் வேண்டும் என்றார் அடுத்தவர். இருவருக்கும் கைதட்டல் விழுந்தது, தட்டியவர்களும் பெரும்பாலும் அவர்களேதான். ஒரு நடுத்தர வயதுப் பெண் எழுதிவந்த தாளைப் பார்க்காமல், தன் வீட்டிலிருந்து நிறுத்தம்வரை எத்தனை மேடு பள்ளம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மணி அடித்த பிறகும் நாலு விநாடி பேசினார். யாரும் தடுக்கவில்லை.

மாண்ட்ரியாலுக்கு ரயிலில் போனேன். ஐந்து மணி நேரத்துக்கு மேல்; ஒன்டாரியோ ஏரியின் ஓரமாகவும் பிறகு செயின்ட் லாரன்ஸ் ஆற்றை ஒட்டியும். வழியெல்லாம் வெள்ளை என்பதால் எழுத ஒன்றுமில்லை.

டொராண்டோ பனியைத் தள்ளுகிறது. மாண்ட்ரியால் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நள்ளிரவில் பார்க்க வேண்டும். 2.5 செ.மீ. விழுந்ததுமே தெருவுக்கும் நடைபாதைக்கும் சேர்த்து வண்டிகள் கிளம்புகின்றன. பெரிய பனி என்றால் ஓரத்தில் குவித்ததை அள்ளும் படலம் தொடங்கும். முதல் நாளே தெருவில் ஆரஞ்சு நிறப் பலகைகள் முளைக்கும்: இந்த மணியிலிருந்து இந்த மணிவரை கார் நிறுத்தக் கூடாது. நேரம் நெருங்கும்போது இழுவை வண்டி ஒன்று இரண்டு ஸ்வரத்தில் சைரன் ஊதிக்கொண்டு தெருவைச் சுற்றும். உறக்கத்திலிருந்து எழுந்து பைஜாமாவுக்கு மேல் கோட்டு மாட்டிக்கொண்டு மனிதர்கள் சாவியோடு ஓடிவருவார்கள். ஓடிவராதவர்களின் காரை இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் எங்கேயோ ஒரு தெருவில் நிறுத்திவிட்டு, அபராதச் சீட்டும் செருகிவிடுவார்கள். எந்தத் தெரு என்று மாநகராட்சியின் இணையப் பக்கத்தில் தேடிக்கொள்ள வேண்டியது. அதன் பிறகு ஊர்வலம். நடைபாதையிலிருந்து பனியைத் தெருவுக்கு இறக்கும் குட்டி வண்டி முன்னால். அதைத் திரட்டும் வண்டி அடுத்து. திரட்டியதை வாய்க்குள் இழுத்து, யானைத் துதிக்கையளவு குழாய் வழியாக வீசியடிக்கும் ராட்சதன் நடுவில். வீசுவதை வாங்கிக்கொண்டு பக்கத்திலேயே ஊர்ந்து வரும் லாரி. ஒரு லாரி நிரம்பி விலகுமுன் அடுத்தது அதன் இடத்துக்கு வந்துவிடும். ஒரு கணம்கூடக் குழாய் நிற்பதில்லை. என் ஜன்னலுக்குக் கீழே ஐந்து நிமிடத்தில் ஒரு தெரு வெறுந்தாராகிவிட்டது.

தெருவும் நடைபாதையுமாகச் சுமார் 10,000 கிலோமீட்டர், 3,000 பணியாளர்கள், 2,200 வண்டிகள். ஒரு குளிர்காலத்தில் சுமார் மூன்று லட்சம் லாரி பனி. கொஞ்சத்தைச் சாக்கடைத் துவாரங்களில் கொட்டிக் கழிவுநீரின் வெதுவெதுப்பில் கரைக்கிறார்கள். ஒரு காலத்தில் ஆற்றிலேயே கொட்டினார்கள், இப்போது இல்லை. மீதியைக் குவிக்கும் இடங்களில் மிகப் பெரியது செயின்ட் மிஷேல் பகுதியில் உள்ள ஃப்ரான்கோன் என்ற பழைய சுண்ணாம்புக்கல் குவாரி. ஊரைக் கட்டக் கல் வெட்டி எடுத்த குழி. விளிம்பில் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். லாரிகள் வந்து பின்புறத்தைத் தூக்கிக் கொட்ட, சாம்பல் நிறத்தில் ஒரு மலை சரிந்து இறங்குகிறது. மேலே கடற்பறவைகள். கோடையிலும் இது முழுதாக உருகாதாம். ஜூலையில் ஊரெல்லாம் கையில்லாத சட்டையில் திரியும்போது, குழிக்குள் மட்டும் சேறும் செருப்பும் சைக்கிள் சக்கரமும் பதிந்த போன வருஷத்துப் பனி கிடக்கும். குவாரியைச் சுற்றிக் குடியிருப்பவர்கள் பெரும்பாலும் குடியேறியவர்கள், ஹெய்ட்டிக்காரர்கள், வட ஆப்பிரிக்கர்கள். மையத்து வீதிகளின் பனியும் இவர்கள் பக்கம்தான் வருகிறது, லாரிச் சத்தமும்.

பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற பகுதியில் ஒரு காலத்தில் கிரேக்கர்கள் இருந்தார்கள், பிறகு தமிழர்களும் வங்காளிகளும் பஞ்சாபிகளும் வந்தார்கள். அங்கே ஒரு தமிழ்ப் பலசரக்குக் கடையில் முருங்கைக்காய்ப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று முதலாளியோடு பேசிக்கொண்டிருந்தேன். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் சுவரில் வரிசையாக ஆணி. ஆணிக்கு ஒரு கார்ச் சாவி. எல்லாம் பக்கத்து அடுக்குமாடிக்காரர்களுடையவை. பகலில் வேலைக்கு மெட்ரோவில் போகிறவர்கள் சாவியை இவரிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். "காசு ஒண்டும் வாங்கிறேல்லை அண்ணை. ஆனா சாமானுக்கு வேற கடைக்குப் போகேலாது, பாருங்கோ" என்றார். மாநகராட்சியில் எதைப் பாராட்டுவீர்கள் என்று கேட்டேன். "சைரன்" என்றார் சட்டென்று. "அவங்கள் சொல்லாமல் இழுக்கிறேல்லை."

சொல்லி வாய் மூடவில்லை, மூலையில் அது கேட்டது. அவர் ஆணியிலிருந்து நாலு சாவியை உருவிக்கொண்டு, ஒரு கையை மட்டும் கோட்டுக்குள் நுழைத்தபடி, "கடையை ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ அண்ணை" என்று ஓடினார். கதவு மூடுவதற்குள் ஒரு வங்காளப் பெண் உள்ளே வந்தார். கால்களைப் பாயில் தட்டிவிட்டு, ஒரு கை நிறைய வெண்டிக்காயை எடுத்து உயர்த்திக் காட்டி, பிரெஞ்சில் என்னிடம் விலை கேட்டார்.